வாழைத் தோப்புக்குள் இருவரும் ஓர் ஆடும்: அடர்ந்த பசுமையை அக்ரிலிக்கில் தீட்டும் முறை

அடர்ந்த இலைகளுக்கு நடுவே மனிதர்களையும் ஒரு விலங்கையும் தீட்ட முனையும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தொடங்குகிறார்கள். ஆட்களை முகம், உடை, விரல் வரை முழுமையாகத் தீட்டி முடித்துவிட்டு, எஞ்சியிருக்கும் இடத்தில் இலைகளை அடைக்கிறார்கள். விளைவாக, ஆட்கள் கத்தரித்து ஒட்டிய காகிதப் பொம்மைகளைப் போலத் துருத்திக்கொண்டு நிற்கிறார்கள்; இலைகளோ அவர்களுடைய வெளிக்கோட்டைத் தொடப் பயந்து ஒதுங்கி நிற்கின்றன. இந்தக் குறைக்கு வரையும் திறமை போதாமை காரணமில்லை. தீட்டும் வரிசை மாறிப்போனதே காரணம். பின்னால் இருக்கும் இலைகள் முதலில், அவற்றின் மேல் உடல்கள், உடல்களின் மேல் முன்னால் இருக்கும் இலைகள் என்ற வரிசையைக் கடைப்பிடித்தால், சுமாராக வரையத் தெரிந்தவருக்கும் தோப்பு ஆழமுள்ளதாக அமையும். இந்தக் கட்டுரை அந்த வரிசையை ஒரே ஒரு படத்தைக் கொண்டு விளக்குகிறது: வாழைத் தோப்புக்குள் இலை அறுத்தபடி நிற்கும் ஒரு பெண், அவருக்கு அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவன், அவன் கயிற்றைப் பிடித்திருக்கும் ஒரு வெள்ளாடு.

வாழையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதன் இலை பெரியது; எண்ணி வரையக்கூடியது; ஒளி படும் விதத்துக்கேற்ப அது எடுக்கும் நிறங்கள் ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபடும். வேம்பையோ புளியையோ முதல் படத்திலேயே எடுத்துக்கொண்டால் சின்னஞ்சிறு இலைகளிலேயே நேரமெல்லாம் போய்விடும்.

பொருள்கள்

12×16 அங்குல கேன்வாஸ் போர்டு ஒன்றைப் படுக்கைவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வண்ணங்கள் எட்டு போதும்: டைட்டானியம் வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், யெல்லோ ஓக்கர், பர்ண்ட் சியன்னா, வெர்மிலியன், அலிஸரின் கிரிம்சன், அல்ட்ராமரைன் நீலம், தாலோ பச்சை. மாணவர் தரப் பெட்டிகளில் ‘விரிடியன் ஹியூ’ என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் தாலோ பச்சையே, அதையும் பயன்படுத்தலாம். கறுப்பு வண்ணக் குழாயை இந்தப் படம் முடியும் வரை பெட்டியிலேயே விட்டுவைப்பது நல்லது. தூரிகைகளில் ஒரு அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று, 8ஆம் எண் தட்டை ஒன்று, 6ஆம் எண்ணும் 2ஆம் எண்ணும் உருண்டை ஒவ்வொன்று, நீண்ட மயிருள்ள மெல்லிய லைனர் ஒன்று இருந்தால் போதும்.

அக்ரிலிக் நம் ஊர் வெயிலில் மிக விரைவாக உலரும். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தால் கலந்து முடிப்பதற்குள் தட்டிலேயே தோல் கட்டிவிடும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பரைப் பரப்பி, வண்ணங்களை அந்தக் காகிதத்தின் மேல் வைத்துக் கலந்தால் பல மணி நேரம் ஈரம் தாங்கும். இரவில் மூடி வைத்தால் மறுநாளும் அதே கலவையைத் தொடரலாம். பசுமை நிறைந்த படத்தில் இது பெரிய உதவி, ஏனெனில் ஒருமுறை கலந்த பச்சையை இரண்டாம் முறை அப்படியே கொண்டுவருவது எளிதில்லை.

பார்ப்பதும் சேகரிப்பதும்

காலை எட்டு மணி வாக்கில் அல்லது மாலை நான்கு மணிக்குப் பிறகு ஒரு வாழைத் தோப்புக்குப் போய் நில்லுங்கள். உச்சி வெயிலில் எல்லா இலைகளும் மேலிருந்து மட்டுமே ஒளி பெறுவதால் வேறுபாடுகள் மங்கிவிடும். ஓர் இலையை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்து பாருங்கள். சூரியன் உங்களுக்குப் பின்னால் இருந்து மேற்பரப்பில் படும்போது, மெழுகு பூசியது போன்ற அந்தப் பரப்பு வானத்தைப் பிரதிபலித்து நீலம் கலந்த வெளிர் சாம்பல் பச்சையாகத் தெரியும். சூரியன் இலைக்குப் பின்னால் போய்விட்டால் அதே இலை ஒளியை ஊடுருவவிட்டு, மஞ்சள் மேலோங்கிய பிரகாசமான பச்சையாக எரியும். நடு நரம்பின் இருபுறமும் இணையாக ஓடும் நரம்புகள் அப்போது வரிவரியாகத் தெரியும். வேறோர் இலையின் நிழல் அதன் மேல் விழுந்திருந்தால், அந்த நிழலும் ஊடுருவும் ஒளிக்குள் கூர்மையான விளிம்போடு தெரியும். அடிப்புறம் வெண்பூச்சுப் படிந்து மங்கலாக இருக்கும். ஆக, ஒரே இலை நான்கு நிறம் காட்டும். ‘இலை பச்சை’ என்று மனம் சொல்வதைக் கை நம்பிவிடாமல் இருப்பதற்குத்தான் இந்தப் பார்வைப் பயிற்சி.

காற்று இலையைக் கிழிப்பது நரம்புகளின் வழியாகத்தான் என்பதையும், இளங்குருத்து சுருட்டிய குழாயாக வெளிர் மஞ்சள் பச்சையில் மேலே நீட்டிக்கொண்டிருப்பதையும், காய்ந்த சருகு தண்டைச் சுற்றிப் பழுப்பாகத் தொங்குவதையும், அடியில் பக்கக்கன்றுகள் ஈட்டி போன்ற ஒடுங்கிய இலைகளுடன் கிளம்புவதையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சருகை யாரும் படத்தில் சேர்ப்பதில்லை. அழகில்லை என்று நினைக்கிறார்கள் போலும். பச்சைக்கு நடுவே கண் இளைப்பாற அதைவிடப் பொருத்தமான நிறம் தோப்பில் கிடையாது. தோப்பின் ஓரத்தில் சேம்பு இருந்தால் அதையும் பாருங்கள்: இலையின் நுனி தரையை நோக்கித் தொங்கும், காம்பு இலையின் விளிம்பில் சேராமல், உள்ளே தள்ளி அடிப்புறத்தில் சேரும். வாழை பளபளக்கும் இடத்தில் சேம்பு பளபளப்பின்றி நிற்பதால் முன்புறத்தில் அது நல்ல துணை.

கைபேசியில் புகைப்படமும் எடுக்கலாம். ஆனால் கேமரா நிழல்களைக் கறுப்பாக்கி, வெயிலை வெள்ளையாக்கிவிடும். படத்தின் அமைப்புக்குப் புகைப்படத்தையும், நிறத்துக்கு நேரில் எடுத்த குறிப்பையும் நம்புவது பாதுகாப்பானது. பல படங்களைச் சேர்த்து ஒரு காட்சியை உருவாக்குவதில் தவறேதும் இல்லை. காட்டுக் காட்சிகளுக்குப் பெயர்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ஆன்றி ரூசோ (1844–1910) பிரான்சை விட்டு வெளியே போனதே இல்லை. பாரிசின் தாவரவியல் தோட்டக் கண்ணாடிக் கூடங்களில் இருந்த வெப்ப மண்டலச் செடிகளையும், அங்கிருந்த அருங்காட்சியகத்தின் பாடம் செய்யப்பட்ட விலங்குகளையும், அச்சிட்ட படங்களையும் பார்த்தே புலியும் சிங்கமும் உலவும் காடுகளைத் தீட்டினார். சேர்க்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பெண்ணின் படத்தில் ஒளி இடப்பக்கமிருந்து வந்தால் ஆட்டின் படத்திலும் இடப்பக்கமிருந்தே வர வேண்டும். வராவிட்டால் வேறு படம் தேடுங்கள்.

சிறு மாதிரிகள்

போர்டைத் தொடுவதற்கு முன், 4 செ.மீ. அகலமும் 3 செ.மீ. உயரமும் உள்ள சிறு கட்டங்களை ஒரு தாளில் போட்டு, ஒவ்வொன்றிலும் காட்சியை மூன்றே தொனிகளில் அடையுங்கள்: இருள், நடு, ஒளி. இலை, கண், மூக்கு எதுவும் வேண்டாம். இருள் எங்கே ஒரே திரளாகக் கூடுகிறது, ஒளி எந்த ஓர் இடத்தில் விழுகிறது என்பது மட்டும் தெரிய வேண்டும். பசுமையான படங்கள் தோற்பது பெரும்பாலும் இந்த அளவிலேயே தெரிந்துவிடும். மூன்று தொனிகளும் படமெங்கும் சமமாகச் சிதறியிருக்கும் மாதிரி, பெரிதாக்கினாலும் இரைச்சலாகவே இருக்கும்.

நம் படத்துக்கு ஓர் அமைப்பைச் சொல்கிறேன். பெண் இடப்பக்க மூன்றில் ஒரு பங்குக் கோட்டை ஒட்டி நிற்கிறார்; சிறுவன் நடுவுக்குச் சற்று வலப்புறம் தாழ உட்கார்ந்திருக்கிறான்; ஆடு இருவருக்கும் இடையில், தலையைச் சிறுவன் பக்கம் திருப்பியிருக்கிறது. மூன்று தலைகளும் மூன்று வெவ்வேறு உயரங்களில் வருவதால் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கி ஏறும். பெண்ணின் பின்னால் தோப்பின் இருள். சிறுவனுக்குப் பின்னால் வெயில் ஊடுருவும் ஒரு பெரிய இலை. இருளின் முன் ஒளியும் ஒளியின் முன் இருளுமாக இப்படி மாற்றி வைத்தால், வெளிக்கோடு போடாமலே உருவங்கள் பிரிந்து தெரியும்.

ஆட்டின் நிறத்தையும் இதே கணக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். உடலின் பெரும்பகுதி கறுத்து, முகத்தின் இருபுறமும் கொம்படியிலிருந்து வாய் வரை வெள்ளைக் கோடு இறங்கும் கன்னி ஆடு நேரில் கம்பீரமாக இருந்தாலும், தோப்பின் இருளுக்கு முன்னால் நிறுத்தினால் காணாமல் போய்விடும். வெள்ளை உடலில் செம்பழுப்புத் திட்டுகள் சிதறிய கொடி ஆட்டு வகை, அதாவது செம்பொறை, இந்தப் படத்துக்குப் பொருந்தும். அந்தச் செம்பழுப்பு சருகின் நிறத்தோடும் பெண்ணின் தோல் நிறத்தோடும் உறவு கொள்ளும்.

அளவுகள்

பெண் படத்தில் ஏறத்தாழ 6½ அங்குல உயரம் நிற்கட்டும். நிற்கும் ஆளின் உயரம் தலையின் ஏழு அல்லது ஏழரை மடங்கு என்பதால் தலை ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். எட்டு வயதுச் சிறுவனுக்கு உடல் ஆறு தலை அளவே இருக்கும். சிறுவர்களைப் பெரியவர்களின் அளவிலேயே சுருக்கி வரைந்தால் குள்ளமான பெரியவர்கள்தாம் கிடைப்பார்கள். ஆட்டின் தோள் உயரம் பெண்ணின் தொடையின் மேற்பகுதி வரை, அதாவது ஏறத்தாழ 3 அங்குலம் வரட்டும்.

இலைகளின் அளவில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நன்கு வளர்ந்த வாழையின் இலை இரண்டு மீட்டர் நீளம் இருப்பது சாதாரணம். அது நிற்கும் பெண்ணைவிட நீளம். ஆகவே, பெண்ணுக்குச் சமமான தொலைவில் உள்ள இலை படத்தில் 8 அங்குலத்துக்கு மேல் வர வேண்டும். துணிந்து அவ்வளவு பெரிதாகப் போடுங்கள். முன்புறத்து இலை ஒன்று போர்டின் விளிம்பைத் தாண்டி வெட்டுப்பட்டுப் போகட்டும். ஆட்களைவிட இலை பெரிதாக இருக்கும்போதுதான் ‘தோப்புக்குள்’ என்ற உணர்வு வருகிறது. ரூசோவும் பூவையும் இலையையும் ஆள் அளவுக்குப் பெருக்கியே தீட்டினார். நியூயார்க்கில் உள்ள அவருடைய 1910ஆம் ஆண்டு ஓவியமான ‘கனவு’ ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்டது, அதிலுள்ள தாமரை போன்ற மலர்கள் சிங்கத்தின் தலைக்குப் போட்டியாக நிற்கின்றன.

பார்ப்பவரும் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டால், கண்மட்டக் கோடு பெண்ணின் கண்கள் வழியாகப் போகும். தரை சமமாக இருக்கும்போது, தொலைவில் இன்னொருவரை நிறுத்த விரும்பினாலும் அவருடைய கண்களும் அதே கோட்டில்தான் வரும். கால்கள் மட்டுமே மேலே ஏறும். சிறுவனும் ஆடும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதால் சிறுவனின் உச்சந்தலையும் ஆட்டின் முதுகும் சற்றுத் தெரிய வேண்டும்.

ஆட்டின் பின்னங்கால் புதியவர்களுக்குத் தொல்லை தரும். பின்புறமாக மடிந்து முழங்கால் போலத் தோன்றுவது உண்மையில் கணுக்காலுக்குரிய மூட்டு. உண்மையான முழங்கால் வயிற்றோடு ஒட்டி மேலே இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் கால் தானாக அமையும். முகத்துக்கு வரும்போது, ஆட்டின் கருவிழிப் பிளவு கிடைமட்டமானது என்பதை மறந்துவிடாதீர்கள். வட்டமாகப் போட்டால் நாயாகிவிடும்.

அடிவண்ணமும் கோடும்

போர்டு முழுவதையும் தண்ணீர் கலந்த பர்ண்ட் சியன்னாவால் மெல்லிதாகப் பூசி உலரவிடுங்கள். பிறகு தீட்டும் பச்சைகளின் இடுக்குகளில் இந்தச் செம்பழுப்பு ஆங்காங்கே எட்டிப் பார்ப்பது பச்சையை உயிரோடு வைத்திருக்கும். வெள்ளைப் போர்டில் தொடங்கினால் விடுபட்ட இடங்கள் பல்லிளிக்கும். உலர்ந்தபின், அல்ட்ராமரைனும் பர்ண்ட் சியன்னாவும் கலந்த நீர்த்த வண்ணத்தில், 2ஆம் எண் தூரிகையால் ஆட்கள், ஆடு, பெரிய இலைகளின் நடு நரம்புகள் ஆகியவற்றை மட்டும் குறியுங்கள். இலையின் விளிம்பை இப்போது வரைய வேண்டாம். நடு நரம்பு எப்படி வளைகிறதோ அதன்படிதான் இலை சாயும். நரம்பு சரியாக இருந்தால் விளிம்பைத் தூரிகையின் அகலமே போட்டுத் தரும்.

பச்சைகளைக் கலத்தல்

குழாயிலிருந்து நேராக எடுத்த பச்சை எதையும் படத்தில் வைக்காதீர்கள். தாலோ பச்சை தனியாக நிற்கும்போது பிளாஸ்டிக் வாளியின் நிறத்தில் இருக்கும். ஆனால் கலவைக்கு அதைவிடச் சிறந்தது கிடைப்பது அரிது. ரூசோவின் ‘கனவு’ ஓவியத்தில் உள்ள பலவகைப் பச்சைகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் படத்துக்கு ஐந்து பச்சைகள் தாராளம், அவற்றுக்கு இடையிலான கலப்புகள் தாமே பிறக்கும்.

முதலாவது இருள் பச்சை. தாலோ பச்சையும் அலிஸரின் கிரிம்சனும் ஏறத்தாழச் சம அளவில் சேர்ந்தால் கறுப்புக்கு மிக நெருங்கிய ஒரு நிறம் வரும்; பச்சையைச் சற்றுக் கூட்டினால் குளிர்ந்த தோப்பிருள், கிரிம்சனைச் சற்றுக் கூட்டினால் வெதுவெதுப்பான இருள். கடையில் வாங்கும் கறுப்பு உயிரற்ற ஓட்டை போலத் தோன்றும் இடத்தில் இந்தக் கலவை ஆழமாகத் தோன்றும். இரண்டாவது, அல்ட்ராமரைனும் யெல்லோ ஓக்கரும் கலந்த மங்கலான ஆலிவ் பச்சை. தொலைவு இலைகளுக்கும் தண்டுகளுக்கும் இதுவே அடிப்படை. மூன்றாவது, அல்ட்ராமரைனும் எலுமிச்சை மஞ்சளும் சேர்த்து, அதில் பர்ண்ட் சியன்னாவைத் தூரிகை நுனியளவு தொட்ட நடுப் பச்சை. நான்காவது, எலுமிச்சை மஞ்சளில் தாலோ பச்சையைக் கடுகளவு சேர்த்த, ஒளி ஊடுருவும் இலையின் பச்சை. இங்கே மஞ்சளில்தான் பச்சையைச் சேர்க்க வேண்டும். பச்சையில் மஞ்சளைச் சேர்க்கப் போனால், தாலோவின் வலிமை காரணமாகக் குழாய் மஞ்சள் முழுதும் தீர்ந்தாலும் விரும்பிய நிறம் வராது. ஐந்தாவது, வெள்ளையில் சிறிது அல்ட்ராமரைனும் சிறிது நடுப் பச்சையும் சேர்த்த சாம்பல் பச்சை. வானத்தைப் பிரதிபலிக்கும் மேற்பரப்புக்கு இது.

வெளிச்சம் வேண்டும் என்றால் கை உடனே வெள்ளைக்குப் போகும். வெள்ளை பச்சையைக் குளிரவைத்துச் சுண்ணாம்பு பூசினாற்போல் ஆக்கிவிடும். வெயிலுக்கு மஞ்சளும், வானப் பிரதிபலிப்புக்கு மட்டுமே வெள்ளையும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் உலரும்போது சற்றுக் கருத்துவிடும் என்பதால், வேண்டியதைவிட ஒரு படி வெளிச்சமாகக் கலப்பது நல்லது. ஐந்து பச்சைகளையும் ஒரு தாளில் பூசி, உலர்ந்தபின் எந்தெந்த அளவில் கலந்தீர்கள் என்று அருகே எழுதி வையுங்கள்.

பின்புறத் தோப்பு

ஒரு அங்குலத் தூரிகையால் இருள் பச்சையைப் படத்தின் மேற்பகுதியிலும் உருவங்களுக்குப் பின்னாலும் பெரிய திரள்களாகப் பூசுங்கள். உருவங்களின் வெளிக்கோட்டைக் கண்டு தயங்காமல், அதற்குள் சிறிது வழிந்து போகும்படியே பூசலாம். பிறகு உடலின் நிறம் அதன் மேல் ஏறும்போது விளிம்பு தானாக இறுகும். ஒதுங்கிப் பூசினால் உருவத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் மிஞ்சும். அதை நீக்குவது பெரும்பாடு.

இருள் உலர்ந்ததும், ஆலிவ் பச்சையில் சிறிது நீலமும் துளி வெள்ளையும் சேர்த்துத் தொலைவு இலைகளைப் போடுங்கள். இவை சிறியவையாகவும் மங்கலாகவும் நரம்பற்றும் இருக்கட்டும். இருளுக்கும் இவற்றுக்கும் தொனி வேறுபாடு மிகக் குறைவாக இருக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட வேண்டும். அதன் பிறகு நடுத்தொலைவு இலைகளுக்கு மூன்றாவது பச்சையை எடுங்கள். 8ஆம் எண் தட்டைத் தூரிகையின் ஒரு விளிம்பை நடு நரம்பில் வைத்து, நரம்புகள் ஓடும் திசையில் வெளிப்புறமாக இழுத்தால் ஒவ்வொரு இழுப்பும் இலையின் ஒரு கீற்றாகும்; சில கீற்றுகளுக்கு இடையில் சிறு இடைவெளி விட்டால் அதுவே காற்றில் கிழிந்த இடம். அந்தக் கிழிசல் வழியாகப் பின்னுள்ள இருள் தெரியும்போது இலை முன்னால் வந்து நிற்கிறது.

இலைக்கு இணையான உழைப்பை இந்தச் சந்துகளுக்கும் கொடுங்கள். ஒரு இலையின் விளிம்பு சரியில்லை என்று தோன்றினால் இலையைத் திருத்தாமல், அதை ஒட்டிய இருளை இருள் பச்சையால் வெட்டித் திருத்துங்கள். விளிம்பு கூர்மையாகவும் இயல்பாகவும் வரும். மேலே வானம் தெரியும் சிறு துளைகளை விடுவதாக இருந்தால், அவற்றைத் திறந்த வானத்தைவிட ஒரு படி மங்கலாகத் தீட்ட வேண்டும். இலைகள் சூழ்ந்த சிறு துளையில் முழு வானத்தின் வெளிச்சத்தையும் வைத்தால் அது பின்னால் போகாமல், இலையின் மேல் ஒட்டிய பொட்டாக முன்னால் வரும்.

உடல்கள்

இப்போதுதான் ஆட்களின் முறை. புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் மேற்கூரையில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தாமரைக் குள ஓவியம் இருக்கிறது. தாமரை இலைகளும் மொட்டுகளும் பரப்பை நிறைத்திருக்க, நடுவே பூப் பறிக்கும் மனிதர்களும் யானையும் எருமையும் மீனும் பறவையும் இருக்கின்றன. மங்கலான பச்சைக்கு நடுவே மனித உடல்கள் செந்நிறத்தில் இருப்பதால், நெருக்கமான இலைகளுக்குள்ளும் கண் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு. நம் தோல் நிறத்தின் அடியில் அந்தச் சிவப்பு இயல்பாகவே இருக்கிறது. இதை விட்டுவிட்டு, புகைப்படங்களில் வருவது போல் தோலை வெளிறச் செய்வது, கையிலிருக்கும் பெரிய வசதியை வீணாக்குவதாகும்.

பர்ண்ட் சியன்னா மூன்று பங்கு, யெல்லோ ஓக்கர் இரண்டு பங்கு, அல்ட்ராமரைன் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்தால் நல்ல மாநிறம் கிடைக்கும். பெண்ணுக்கும் சிறுவனுக்கும் இந்தக் கலவையையே சற்று மாற்றி வையுங்கள். இருவருக்கும் ஒரே நிறம் என்றால் பொம்மைத்தன்மை வந்துவிடும். நிழல் பக்கத்துக்கு அதே கலவையில் அல்ட்ராமரைனையும் சிறிது அலிஸரினையும் கூட்டுங்கள். வெயில் படும் நெற்றி, மூக்கின் மேடு, தோள் ஆகிய இடங்களில் ஓக்கரைக் கூட்டுங்கள். கருமையான தோலில் மினுக்கம் வெள்ளையாக இருக்காது, வானத்தின் நீலம் கலந்த சாம்பலாக இருக்கும். தோப்புக்குள் நிற்கிறார் என்பதை நிறுவும் தொடுகை ஒன்று உண்டு: தாடைக்கு அடியிலும் முழங்கையின் கீழ்ப்பக்கத்திலும், நிழல் நிறத்தில் ஆலிவ் பச்சையைச் சிறிது கலந்து வைப்பது. கீழேயுள்ள இலைகளின் ஒளி மேலே தெறித்து அங்கே படுகிறது. மிகையாகப் போனால் நோயாளியாகத் தெரிவார் என்பதால், இருக்கிறதா இல்லையா என்ற அளவில் நிறுத்துங்கள்.

முகங்கள் ஓர் அங்குலத்துக்கும் சிறியவை என்பதால் கண் இமை, உதட்டுக் கோடு ஆகியவற்றில் இறங்காதீர்கள். கண் குழியின் நிழல், மூக்கின் அடி நிழல், மேலுதட்டின் இருள் ஆகிய மூன்று தொடுகைகளே இந்த அளவில் முகமாகிவிடும். இலை அறுக்கும் பெண்ணின் உடல் தூக்கிய கையின் பக்கம் நீண்டு, எதிர்ப்பக்க இடுப்பில் மடங்கும். அந்தச் சாய்வு சரியாக வந்தால் முகமே இல்லாமலும் அவர் செய்யும் வேலை தெரியும்.

உடைக்கு வெர்மிலியன் புடவை என்ற ஆசை எழுவது இயல்பு. பச்சைக்கு நடுவே அப்படிப் பெரிய சிவப்புப் பரப்பை வைத்தால் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். புடவையை வெளுத்த மஞ்சள் ஓக்கரிலோ மங்கிய நீலச் சாம்பலிலோ தீட்டி, சிவப்பைக் கரைக்கு மட்டும் அல்லது சிறுவனின் அரைக்கால்சட்டைக்கு மட்டும் ஒதுக்குவது என் பரிந்துரை. சிறிய சிவப்பு, சுற்றியுள்ள அத்தனை பச்சையையும் தூண்டிவிடும்.

ஆட்டின் வெள்ளை உடலில் தூய வெள்ளை ஏறக்குறைய எங்கும் கிடையாது. நிழல் பக்கம் நீலச் சாம்பல். வயிற்றின் அடியில் தரையின் ஓக்கரும் இலையின் பச்சையும் கலந்த சாம்பல். முதுகில் வெயில் படும் ஒரே இடத்தில் மட்டும் வெள்ளையில் துளி ஓக்கர். செம்பழுப்புத் திட்டுகள் உடலின் வளைவைப் பின்பற்றி, ஒளிப் பக்கத்தில் வெளிறியும் நிழல் பக்கத்தில் கருத்தும் இருக்க வேண்டும். மயிரை முழு உடலுக்கும் கோடிடாமல், கழுத்து, முதுகின் விளிம்பு, வால் ஆகிய இடங்களில் மட்டும் லைனரால் சிலவற்றை இழுங்கள்.

முன்புற இலைகள்

படம் கூடுவதும் குலைவதும் இங்கேதான். இவ்வளவு நேரம் உழைத்துத் தீட்டிய ஆட்டின் காலை ஒரு சேம்பிலையால் மறைக்க மனம் வராது. மறைத்தே ஆக வேண்டும். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள ரூசோவின் 1891ஆம் ஆண்டுப் புலி ஓவியத்தின் அச்சுப்படத்தை எடுத்துப் பாருங்கள்: புயலில் சாயும் புற்களும் இலைகளும் புலியின் கால்களுக்கும் உடலுக்கும் குறுக்கே ஓடுகின்றன, புலியின் வரிகளும் புல்லின் கீற்றுகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. மழையையும் அவர் படத்தின் மேல் முழுதுமாகச் சாய்வான மெல்லிய கோடுகளாக இழுத்திருக்கிறார். புலி காட்டுக்குள் இருக்கிறது என்பதை நாம் நம்புவது, காட்டின் ஒரு பகுதி புலிக்கு முன்னால் இருப்பதால்தான்.

நம் படத்தில் ஒவ்வோர் உருவத்தையும் ஓர் இலையாவது மறைக்கட்டும். ஆட்டின் பின்னங்கால்களைச் சேம்பு மறைக்கட்டும். பெண்ணின் ஒரு பாதத்தையும் புடவை நுனியையும் பக்கக்கன்றின் இலை மறைக்கட்டும். சிறுவனின் தோளுக்கு முன்னால் கிழிந்த வாழைக் கீற்று ஒன்று தொங்கட்டும். முகங்களையும் கயிற்றைப் பிடித்திருக்கும் கையையும் மட்டும் திறந்து வையுங்கள். மூட்டுகளில், அதாவது முழங்கை, முழங்கால், கழுத்து ஆகியவற்றின் மேல் இலையின் விளிம்பு சரியாகப் போய் முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வெட்டினால் உறுப்பு துண்டானது போலத் தோன்றும். இலையின் விளிம்பும் உடலின் விளிம்பும் ஒட்டி உரசிச் செல்வதும் கூடாது. ஒன்று தெளிவாகக் கடக்க வேண்டும், அல்லது தெளிவாக விலக வேண்டும்.

தட்டைத் தூரிகையில் நிறையத் தடித்த வண்ணம் எடுத்து இந்த இலைகளைப் போடுங்கள். ஒளி ஊடுருவும் நான்காவது பச்சையை இரண்டு அல்லது மூன்று இலைகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். அவற்றில் ஒன்று சிறுவனின் தலைக்குப் பின்னால் நாம் திட்டமிட்ட பெரிய இலை, மற்றவை அதைச் சுற்றியே அமையட்டும். முன்புறத்தின் மூலைகளில் உள்ள இலைகளை இருட்டாகவே விட்டால், பார்ப்பவர் நிழலில் நின்று உள்ளே வெளிச்சத்தைப் பார்ப்பது போல அமையும். அருகிலுள்ள ஓரிரு இலைகளுக்கு மட்டும் சாம்பல் பச்சையால் நடு நரம்பும் சில பக்க நரம்புகளும் போதும். எல்லா இலைக்கும் நரம்பு போடுவது பொறுமையைக் காட்டுமே தவிர ஆழத்தைக் காட்டாது.

வெயில் பொட்டுகளும் முடிப்பும்

இலைகளின் சிறு சந்துகள் வழியாகத் தரையில் விழும் வெயில், சந்தின் வடிவத்தில் விழுவதில்லை. ஒவ்வொரு பொட்டும் சூரியனின் பிம்பம் என்பதால் வட்டமாகவோ, சாய்ந்து விழும்போது நீள்வட்டமாகவோ இருக்கும். தரையில் இவை படுத்த நீள்வட்டங்களாகவும், பெண்ணின் தோளிலும் ஆட்டின் முதுகிலும் அந்தந்த வளைவைச் சுற்றிப் போகும்படியும் இருக்க வேண்டும். தரையில் ஐந்தாறு, உடல்களில் இரண்டு மூன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்டின் குளம்புகளுக்கும் சிறுவனின் பாதங்களுக்கும் அடியில் இருள் பச்சையும் பர்ண்ட் சியன்னாவும் கலந்த தொடு நிழலை வைக்க மறந்தால் எல்லோரும் மிதப்பார்கள்.

படத்தைத் தலைகீழாகச் சுவரில் சாய்த்து வைத்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கைபேசியில் கறுப்பு வெள்ளையாகவும் எடுத்துப் பாருங்கள். சிறு மாதிரியில் திட்டமிட்ட மூன்று தொனிகளும் அதே இடங்களில் இருக்க வேண்டும். பின்புறம் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால், அல்ட்ராமரைனை நிறையத் தண்ணீர் விட்டோ அக்ரிலிக் மீடியம் கலந்தோ கண்ணாடி போல மெல்லிய பூச்சாக அதன் மேல் ஓட்டினால் அது அடங்கிவிடும். பெண்ணின் நிழல் பக்கக் கூந்தல் பின்னுள்ள இருளோடு கலந்துபோகும்படி ஓரிடத்தில் விளிம்பைக் கரைத்துவிடுங்கள். ஒளிப் பக்கத்து விளிம்பு கூர்மையாகவே இருக்கட்டும்.

தூரிகைகளை வேலை நடுவிலும் தண்ணீரிலேயே கிடக்க விடுங்கள், ஆனால் மயிர் வளையாதபடி படுக்கவைத்து. முடிந்ததும் சோப்புப் போட்டு, உலோகப் பூணின் அடி வரை விரலால் தேய்த்துக் கழுவுங்கள், ஏனெனில் உலர்ந்த அக்ரிலிக் தண்ணீரில் கரையாது. தடித்த பகுதிகள் உள்ளே முழுதும் உலர நாட்கள் பிடிக்கும் என்பதால், வார்னிஷ் பூசுவதாக இருந்தால் ஓரிரு வாரம் பொறுத்துப் பூசுங்கள். பளபளப்பற்ற மேட் வார்னிஷ் தோப்பின் இருளைச் சற்று வெளிறச் செய்துவிடும். இந்தப் படத்துக்குப் பாதிப் பளபளப்புள்ள சாட்டின் வகையே பொருத்தம்.